பினாங்கிலிருந்து வெளிநாட்டு மேடைக்கு: பயனர் குழு மாநாட்டில் பேசப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

போன மாதம் ஜார்ஜ் டவுனில் எங்கள் பைத்தான் நிரல்மொழிக் குழு கூடியது. பதினைந்து பேர் வந்திருந்தோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை பக்கத்தில் வந்து நின்றார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம். "அண்ணே, நீங்க வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பேசுறீங்க. அங்க போய்ச் சொல்ற அளவுக்கு எங்கிட்ட என்னண்ணே இருக்கு? நாள் பூரா மெஷின் லாக் பாக்குறேன், அவ்ளோதான்" என்றார்.

அந்த மெஷின் லாக், இயந்திரம் தானே எழுதிவைக்கும் பதிவு, அதுதான் பேச்சு. அதைக் கேட்கத்தான் அங்கே ஆட்கள் வருகிறார்கள். அன்று நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை, தலைப்பு தேடுவதிலிருந்து திரும்பி வந்து செலவுக் கணக்கு ஒப்படைப்பது வரை, இங்கே எழுதுகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவன் நான். சில வருடங்களாக சொந்த விடுப்பில், சில தடவை சொந்தக் காசில், இப்படிப் போய்ப் பேசி வருகிறேன். அந்த அனுபவத்தில் கற்றவை இவை.

இது யாருடைய கூட்டம்

நிறுவனங்கள் நடத்தும் மாநாடும் பயனர் குழு நடத்தும் மாநாடும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். கழுத்துப் பட்டை, காப்பி, புரொஜெக்டர் எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் கருவியை விற்பவர் பேசுகிறார். இரண்டாவதில் அதை வைத்து மல்லுக்கட்டுகிறவர் பேசுகிறார். இந்த வழக்கம் பழையது. 1955இல் ஐபிஎம் கணினி வைத்திருந்த தெற்குக் கலிபோர்னிய விமான நிறுவனங்களின் ஆட்கள் கூடி, ஆளுக்கொரு தடவை அதே நிரலை எழுதுவானேன் என்று ஷேர் என்ற குழுவைத் தொடங்கினார்கள். எழுதியதைப் பகிர்ந்துகொள்வதுதான் நோக்கம், பெயரும் அதுவே. 1961இல் டெக் நிறுவனக் கணினிப் பயனர்களின் டெகஸ் குழு வந்தது. 1975இல் யூனிக்ஸ் இயங்குதளப் பயனர் குழு வந்தது, அதுதான் இன்றைய யூஸ்நிக்ஸ். பைத்தான்காரர்களின் பைகான் மாநாடு 2003இல் வாஷிங்டனில் ஆரம்பித்தது. ஆசிய பசிபிக் பைகான் 2010இல் சிங்கப்பூரில் தொடங்கி ஊர் ஊராகச் சுற்றுகிறது. 2017இல் நம் கோலாலம்பூருக்கே வந்தது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர்களும் உங்களைப் போல வேலை முடிந்து இரவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிற தன்னார்வலர்கள்தான். கருவியின் கையேட்டில் இருப்பதை அவர்களே படித்துக்கொள்வார்கள். கையேட்டில் இல்லாத ஒன்று, பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டில் உங்களுக்கு நடந்தது, அவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. 1972இல் இன்டெல் இங்கே கால் வைத்ததிலிருந்து கணினிச் சில்லுகளைச் சோதித்து அனுப்பும் ஊர் இது. இங்கே குவியும் தரவு எப்படிப்பட்டது, அதில் என்ன கோளாறு வரும் என்று பெர்லினில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

தலைப்பும் சுருக்கமும்

விண்ணப்பத்தின் உயிர் சுருக்கத்தில் இருக்கிறது. தரவை ஆய்வு செய்ய உதவும் பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் பற்றி நான் எழுதிய முதல் விண்ணப்பம் இப்படி இருந்தது: "பாண்டாஸ் கொண்டு தொழிற்சாலைத் தரவு ஆய்வு. இந்த உரையில் பாண்டாஸின் அடிப்படைகளும் பயன்களும் விளக்கப்படும்." நிராகரித்தார்கள். சரியான முடிவு. அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

அடுத்த வருடம் அதே விஷயத்தை இப்படி மாற்றினேன்:

"மூன்று இயந்திரம், மூன்று கடிகாரம். ஒரே சில்லு மூன்று சோதனை இயந்திரங்களைக் கடந்து போகிறது. ஒவ்வொரு இயந்திரத்தின் கடிகாரமும் சில நொடி முன்னே பின்னே ஓடுகிறது. நேரத்தை வைத்துப் பதிவுகளை இணைத்தால் ஒரு சில்லின் முடிவு இன்னொரு சில்லின் கணக்கில் ஏறிவிடுகிறது. நேரத்தை வைத்துப் பதிவுகளை இணைக்கும் பாண்டாஸின் மெர்ஜ்-ஏஸ்ஆஃப் கட்டளை இதைத் தீர்க்கும் என்று நம்பினோம். நாம் வேறு சொல்லாவிட்டால் அது முந்தைய நேரப் பதிவை மட்டும் தேடும், நெருங்கிய பதிவைத் தேடாது. இதை அறியாமல் நாங்கள் எப்படித் தவறான அறிக்கை கொடுத்தோம், எப்படிக் கண்டுபிடித்தோம், இணைத்த பிறகு எந்த மூன்று சோதனைகளைச் செய்தால் இந்தத் தவறு பிடிபடும் என்பதே இந்த உரை."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒரு தவறு இருக்கிறது, கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப்போக மூன்று பொருள் இருக்கிறது. தவறு செய்ததைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பயனர் குழுவில் அதற்குத்தான் மரியாதை.

எழுதியதை அதே துறையில் இல்லாத ஒரு நண்பரிடம் காட்டுங்கள். "இதைக் கேட்டா எனக்கு என்ன கிடைக்கும்?" என்று அவர் கேட்டால் இன்னும் திருத்த வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒரே விஷயத்தை இரண்டு நீளத்தில் தயார் செய்துகொள்ளுங்கள், 30 நிமிடத்துக்கு ஒன்று, 5 நிமிட மின்னல் உரைக்கு ஒன்று. பெரிய உரை கிடைக்காவிட்டாலும் மின்னல் உரைக்கு மாநாட்டு அன்றே பெயர் கொடுக்க முடிகிற இடங்கள் நிறைய உண்டு.

விண்ணப்பிக்கும் முன் மேலாளரிடம் கேளுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படிதான் மிகவும் முக்கியம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களில் பலரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். இயந்திரத்தின் மாடல், வாடிக்கையாளர் பெயர், எத்தனை விழுக்காடு சில்லு தேறுகிறது, இதில் எதுவும் வெளியே போகக் கூடாது. ஒரு தடவை நான் முதலில் விண்ணப்பித்துவிட்டு, தேர்வான பிறகு கேட்கப் போனேன். சட்டப் பிரிவு பார்க்க வேண்டும் என்றார்கள். ஆறு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. கடைசியில் நிகழ்ச்சி நிரலில் பெயர் அச்சான பிறகு விலகினேன். எனக்காக இடம் ஒதுக்கிய குழுவுக்கு அது எவ்வளவு சிரமம் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது செய்வது இதுதான். விண்ணப்பத்தின் ஒரு பக்கச் சுருக்கத்தை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி மூன்றைத் தெளிவாகக் கேட்கிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடலாமா? இந்த நாட்களை விடுப்பாக எடுக்கவா, அலுவல் பயணமாக எடுக்கவா? ஸ்லைடுகளை யார் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்? எழுத்தில் பதில் வாங்கிக்கொள்கிறேன். வாய்ச்சொல் போதாது, மேலாளர் மாறிவிட்டால் அதுவும் போய்விடும். உண்மையான தரவைக் காட்டுவதே இல்லை. அதே கோளாறு வருகிற மாதிரி பொய்த்தரவை நானே நிரல் எழுதி உருவாக்கிக்கொள்கிறேன். இதில் ஒரு லாபமும் உண்டு: கேட்பவர்கள் அந்த நிரலை இறக்கி, தங்கள் கணினியிலேயே கோளாறை ஓட்டிப் பார்க்க முடியும்.

விடுப்புக் கணக்கையும் இப்போதே போடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு குறைந்தது 8 நாள் விடுப்பு, இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 12, ஐந்துக்கு மேல் 16. ஐரோப்பா போய் வந்தாலே நான்கைந்து நாள் கரைந்துவிடும். அப்புறம் தீபாவளிக்கு என்ன மிச்சம் என்று பாருங்கள். திருவிழா நாட்களையும் நாட்காட்டியில் பாருங்கள். பிரசல்ஸில் வருடாவருடம் நடக்கும் ஃபாஸ்டெம், திறமூல மென்பொருள்காரர்களின் மாபெரும் கூட்டம், அனுமதி இலவசம், 2026இல் ஜனவரி 31, பிப்ரவரி 1 தேதிகளில் வந்தது. அதே பிப்ரவரி 1 தைப்பூசம். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவர் எதை விடுவது? விண்ணப்பிக்கும்போதே பார்த்திருந்தால் அந்தச் சங்கடமே வந்திருக்காது.

எங்கே தொடங்குவது, கெடுவை எப்படிப் படிப்பது

உள்ளூர்க் குழுவில் ஒரு தடவை, பிறகு கோலாலம்பூரில் அல்லது சிங்கப்பூரில் ஒரு தடவை, அதற்குப் பிறகு கடல் கடந்து. இந்த வரிசைதான் நல்லது என்பது என் கருத்து. உள்ளூரில் பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தால், தேர்வுக் குழு பழைய உரையின் காணொளியைக் கேட்கும்போது தடுமாற வேண்டாம். தமிழிலேயே பேச விரும்புகிறவர்களுக்கு உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாடு இருக்கிறது. 2001இல் அது கோலாலம்பூரில் நடந்தது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான மண் இது. தமிழ்க் கணிமை பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, சரக்கும் உண்டு.

பல மாநாடுகள் செஷனைஸ், ப்ரீடாக்ஸ் போன்ற தளங்களில் விண்ணப்பம் வாங்குகின்றன. ஒரு தடவை உங்கள் விவரங்களைப் பதிந்துவிட்டால் அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கு எளிதாகிவிடும். கெடு நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "பூமியில் எங்கிருந்தாலும்" என்று ஒரு நேரக் குறிப்பு இருக்கும். உலகத்தின் கடைசி நேர மண்டலத்தில் அந்த நாள் முடியும்வரை விண்ணப்பிக்கலாம் என்று அதற்குப் பொருள். அந்த மண்டலம் நமக்கு 20 மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆகவே 15ஆம் தேதி இரவு 11:59 என்று போட்டிருந்தால் நமக்கு 16ஆம் தேதி மாலை 7:59 வரை நேரம் உண்டு. அந்தக் குறிப்பு இல்லாமல் ஐரோப்பிய நேரமோ அமெரிக்க நேரமோ போட்டிருந்தால் கணக்கு வேறு. கெடு அன்று நம் நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை வேண்டுமானால் அதற்கான விண்ணப்பக் கெடு உரைக்கான கெடுவுக்கு முன்னதாகவே முடிந்துவிடலாம். இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடுவது நல்லது.

தேர்வான பிறகு: பணம்

வாழ்த்து மின்னஞ்சல் வந்ததும் மகிழ்ச்சியில் உடனே டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. விமானச் செலவு தருவார்களா, தந்தால் முன்னதாகவா, மாநாடு முடிந்த பிறகா? தங்கும் அறை அவர்கள் பொறுப்பா? மாநாட்டு நுழைவுச்சீட்டு பேச்சாளருக்கு இலவசமா? சமூக மாநாடுகள் சிலவற்றில் பேச்சாளரும் சீட்டு வாங்க வேண்டும். காசு தராததை இழுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் சந்தா வசூலித்து, ஆதரவாளர் தேடி நடத்துகிறவர்கள்தான். ஆனால் கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு கடன் அட்டைக் கணக்கைப் பார்த்து விழிப்பதில் பயனில்லை.

செலவுத் தொகை பிறகுதான் வரும் என்றால் அதுவரை உங்கள் காசு முடங்கிக் கிடக்கும். அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். வெளிநாட்டுக் கடையில் அட்டை தேய்க்கும்போது "ரிங்கிட்டில் கட்டவா, உள்ளூர்ப் பணத்திலா" என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரிங்கிட் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்தக் கடையின் வங்கி வைக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டம்தான்.

பெயர், கடப்பிதழ், விசா

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மலேசியத் தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு.

நம் கடப்பிதழில் நம் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. ஆனால் விமான டிக்கெட், விடுதி, மாநாட்டுப் பதிவு என்று எல்லாப் படிவமும் "குடும்பப் பெயர்" கேட்கும், சாய்கோட்டையும் ஏற்காது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரி இருக்கிறதே, அதில் அனைத்துலக விதிப்படி எழுத்தும் எண்ணும் கோணக் குறியும் மட்டும்தான் வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. முதல் பயணத்தில் நான் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டேன். விடுதியில் அறை அப்பா பெயரில் இருந்தது. மாநாட்டில் கழுத்துப் பட்டையிலும் அப்பா பெயர். இரண்டு நாள் எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். அது பரவாயில்லை. திரும்பி வரும்போது விமான நிறுவனக் கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டையும் கடப்பிதழையும் பக்கத்தில் வைத்து, ஏ/எல் இருந்த இடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார். டிக்கெட்டில் அது முழுக்க விடுபட்டிருந்தது. மேலதிகாரி வந்து பார்த்துவிடும் வரை இருபது நிமிடம், எனக்குப் பின்னால் நீண்ட வரிசை.

ஆகவே, டிக்கெட் வாங்கும்போது கடப்பிதழில் உள்ள எழுத்துகள் அத்தனையும் அதே வரிசையில் டிக்கெட்டில் இருக்கட்டும். சாய்கோடு ஏற்காவிட்டால் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் விமான நிறுவனத்தை அழைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். அழைப்புக் கடிதம், விசா, காப்புறுதி எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். கழுத்துப் பட்டைக்கு மட்டும் "நான் அழைக்கப்பட விரும்பும் பெயர்" என்று தனியாக எழுதி அனுப்புங்கள்.

கடப்பிதழ் முடிய ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதல் வேலையாகப் புதுப்பியுங்கள். ஐந்து வருடக் கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட்.

இனி விசா. மலேசியக் கடப்பிதழ் பல கதவுகளைத் திறக்கும். உள்ளே போகலாம் என்பது வேறு, உள்ளே போய் மேடையில் பேசலாம் என்பது வேறு. பணம் வாங்கிப் பேசுவது இன்னும் வேறு. நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டாம். வருவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வேலை அனுமதி இல்லாமல் செய்யக்கூடியவை என்று மனிதவள அமைச்சு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கருத்தரங்கில் உரையாற்றுவது அதில் உண்டு. உங்கள் நிகழ்ச்சிக்கு முன்னறிவிப்புத் தேவையா என்று அமைச்சின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஜப்பானுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், ஊதியம் வாங்கக் கூடாது. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் தங்கலாம். பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் நமக்கும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அங்கே பணம் பெற்றுப் பேசுவதானால் புறப்படும் முன்பே அந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும், வந்து இறங்கிய 30 நாளுக்குள் பேசி முடிக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் கைப்பேசிச் செயலியிலேயே அனுமதி வாங்கலாம். மாநாட்டில் கலந்துகொள்ளலாம், ஏற்பாட்டாளரிடம் அதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு விசா கட்டாயம். மாநாட்டுக்குப் போகிறவர் கேட்பது பி-1 என்ற குறுகிய கால வணிகப் பயண விசா. படிவத்தை நிரப்பி, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு அது ஒரு நாள் வேலை. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரம் ஆகும். நேர்காணல் தேதி எளிதில் கிடைக்காது, தேர்வான மறுநாளே தொடங்குங்கள். அதிகாரி "எதற்குப் போகிறீர்கள்" என்று கேட்டால், எந்த மாநாடு, எந்தத் தேதி, யார் செலவு, எப்போது திரும்பி வேலைக்கு வருகிறீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். மேலாளரின் கடிதம் கையில் இருக்கட்டும்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள் பலர், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற பழக்கத்தில், சுற்றுலா மின்விசாவையே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். மாநாட்டுக்கென்று இந்தியா தனி மின்விசா வைத்திருக்கிறது. ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம் அதற்கு வேண்டும். எந்த வகை பொருந்தும் என்று ஏற்பாட்டாளரிடமே கேளுங்கள், வெளிநாட்டுப் பேச்சாளர்களை அழைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும் மாதத்தில் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

பயணம்

பினாங்கிலிருந்து தூரத்துக்குப் போகிறவர்கள் பலர் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ வழியாகத்தான் போகிறோம். தனித்தனி டிக்கெட் எடுத்தால் கவனம். மலிவு விமானம் டெர்மினல் 2இல் இறக்கும், நீண்ட தூர விமானம் டெர்மினல் 1இல் கிளம்பலாம். நடந்து போக முடியாது. ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. நான் குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி விடுகிறேன். அல்லது முதல் நாளே கோலாலம்பூர் போய் பிரிக்பீல்ட்ஸில் தங்கி, காலையில் பசியாறிவிட்டு, சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் போகிறேன். டெர்மினல் 1க்கு 28 நிமிடம்.

மாநாட்டுக்கு ஒரு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள், ஐரோப்பா என்றால் இரண்டு நாள். குளிர்காலத்தில் பிரசல்ஸ் நமக்கு 7 மணி நேரம் பின்னால். மாலை 4 மணிக்கு உரை என்றால் உடம்புக்கு அது இரவு 11 மணி. ஏற்பாட்டாளர் நேரம் கேட்டால் காலை நேரமாகக் கேளுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி. 20,000 மில்லியாம்ப்-மணி என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. மின்செருகியைப் பொறுத்தவரை சிங்கப்பூர், ஹாங்காங், பிரிட்டன் மூன்றும் நம் மூன்று கால் செருகிதான். ஜப்பானில் தட்டையான இரண்டு கால், 100 வோல்ட். மடிக்கணினி சார்ஜரின் அடியில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் செருகி மாற்றி மட்டும் போதும்.

ஸ்லைடும் ஒத்திகையும்

30 நிமிட இடம் என்றால் பேச 25, கேள்விக்கு 5. ஆங்கிலத்தில் நாம் பேசும் வேகம் நமக்குத் தெரிவதில்லை. வீட்டில் தமிழ், கடையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மாறி மாறிப் பேசிப் பழகிய வாய் வேகமாக ஓடும். கேட்பவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்காது. நிமிடத்துக்கு 120 சொல் என்ற அளவில் நிறுத்திப் பேசிப் பழகுங்கள். நான் படகில் பழகுகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுன் சேர்வதற்குள் ஒரு பகுதியைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வேன். படகு இரைச்சலில் வாய்விட்டுச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மனதுக்குள் ஓட்டுவதை நான் ஒத்திகையாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது என்று தெரியும்.

நேரடியாக நிரலை ஓட்டிக் காட்டுவதாக இருந்தால் இணையம் இல்லாமல் ஓடும்படி செய்துவிடுங்கள். ஓட்டம் முழுவதையும் காணொளியாகவும் எடுத்து வையுங்கள். ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கி எழுத்துருவை உள்ளடக்கி பென்டிரைவில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி. தமிழ் எழுத்து ஒரே ஒரு இடத்தில் வந்தாலும் இது கட்டாயம். அங்குள்ள கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எச்டிஎம்ஐ மாற்றியைச் சொந்தமாகக் கொண்டு போங்கள். மொழிபெயர்ப்பாளர் இருக்கும் மாநாடு என்றால் ஒரு வாரம் முன்பே ஸ்லைடையும், கலைச்சொற்களின் சிறு பட்டியலையும் அனுப்பிவிடுங்கள். டோக்கியோவில் அப்படி அனுப்பியிருந்தேன். மேடை ஏறும் முன் மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னிடம் வந்து இரண்டு சொல்லுக்கு மட்டும் விளக்கம் கேட்டார். உரை தடங்கலே இல்லாமல் போனது.

மேடையிலும் மேடைக்கு வெளியிலும்

முதல் இடைவேளையிலேயே நீங்கள் பேசப் போகும் அறைக்குப் போய் மடிக்கணினியை இணைத்துப் பாருங்கள். கடைசி வரிசையில் போய் நின்று எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். நிரல் வரிகள் எப்போதும் நாம் நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் தெரியும்.

கேள்வி வந்தால் முதலில் அதை ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் பதிவுக்கும் அது வேண்டும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். சிலர் கேள்வி கேட்பதாகத் தொடங்கித் தங்கள் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டே போவார்கள். "இதை வெளியே காப்பி குடித்துக்கொண்டே பேசலாமா?" என்று கேட்டு அடுத்தவருக்கு இடம் கொடுங்கள். கேட்டபடி வெளியே போய்ப் பேசவும் வேண்டும்.

பேசி முடித்ததும் விடுதி அறைக்கு ஓடிவிடாதீர்கள். நம்மில் பலருக்கு அந்தக் கூச்சம் உண்டு. தாழ்வாரத்தில் நின்றால்தான் ஆட்கள் வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் தெரிந்த மலேசியர்களோடு ஒரே மேசையில் ஒட்டிக்கொள்ளாமல் வேறு மேசைக்குப் போங்கள். சைவம் என்றால் பதிவின்போதே குறித்திருந்தாலும் முட்டை, மீன் சாறு பற்றித் தனியாகக் கேளுங்கள். ஜப்பானில் காய்கறிச் சூப்பிலும் மீன் இருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு

போர்டிங் பாஸ், ரயில் சீட்டு, விடுதி ரசீது எல்லாவற்றையும் அன்றன்றே படம் எடுத்து ஒரே கோப்புறையில் போடுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வந்த வாரத்திலேயே கணக்கை அனுப்புங்கள். தன்னார்வலர்கள் மாநாடு முடிந்ததும் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், தாமதமாக வந்த கணக்கு கிடப்பில் கிடக்கும்.

மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்த உரைகளைக் கேட்டேன், அதில் நம் வேலைக்கு எது உதவும் என்று. அடுத்த தடவை அனுமதி கேட்கும்போது அந்தப் பக்கம் உங்களுக்காகப் பேசும்.

ஸ்லைடுகளை ஒப்புதல் கிடைத்த வடிவத்தில் மட்டும் வெளியிடுங்கள். அங்கே யாராவது திருத்தம் சொன்னால் அதைச் சேர்த்து வெளியிடுங்கள். என் கடிகார உரைக்குப் பிறகு, தாழ்வாரத்தில் ஒரு முதியவர் வந்து, "நேரத்தைப் பிற்பாடு ஒட்டுவதற்கு இவ்வளவு பாடுபட்டீர்களே, மூன்று இயந்திரத்தின் கடிகாரத்தையும் ஒரே நேரச் சேவையகத்தோடு முதலில் இணைத்தீர்களா?" என்று கேட்டார். இணைக்கவில்லை. இரண்டு இயந்திரங்களில் அது அணைத்தே கிடந்தது. திங்கட்கிழமை ஷிப்டு தொடங்கும் முன் போய் அதைப் போட்டுவிட்டேன். அவர் கேள்வி இப்போது என் 19ஆவது ஸ்லைடு. அடுத்த மாதம் ஜார்ஜ் டவுன் கூட்டத்தில் இதே உரையைத் தமிழில் கொடுக்கிறேன். அந்தத் தங்கையிடம் அவருடைய மெஷின் லாக்கிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஏதாவது எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.